பாகவதர்க்கு நாம் பட்ட கடன்

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னர், நம் கல்லூரி மாணவர் சிலரும் யாமும் சமூகத் தொண்டின் பொருட்டு நெம்மேலியில் ஐந்து நாட்கள் தங்கியிருந்தோம். கோவளத்தினின்றும் மாமல்லபுரத்துக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயுமாக அமைந்தது அவ்வூர். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்றமையால், சென்னை நகரத்தார் பலரும் இன்று அதன் பெயரை அறிவர். யாம் ஈண்டு எழுதப் புகுவது அந்நிலையத்தைப் பற்றியதன்று. அவ்வூரில் ஒரு மாலைப்பொழுதில் எம் செவிக்கு எட்டிய பாட்டொன்றைப் பற்றியும், அதனைப் பாடிய ஒருவர்க்கு நாம் எல்லோரும் பட்டிருக்கும் கடனைப் பற்றியுமே எழுதக் கருதினோம்.

அன்றைய வேலை முடிந்து தேநீர்க்கடை ஒன்றின் முன் யாம் அமர்ந்திருந்தோம். தொண்ணூறு வயதை நெருங்கிய முதியவர் ஒருவர், அருகே வலையொன்றின் கிழிசலை முடிந்துகொண்டே, தமக்குத்தாமே ஏதோ பாடிக்கொண்டிருந்தார். குரல் நடுங்கிற்று, மூச்சு இடையிடையே அற்றது, ஆயினும் பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறவேண்டிய இடம் வந்தபோது, அவர் கையிலிருந்த வலையை விடுத்து, கழுத்தை நிமிர்த்தி, எவ்வாறாயினும் அவ்விடத்தை எட்டியே தீர்வதென்று முயன்று பாடினார். "யாருடைய பாட்டு, தாத்தா?" என்று மாணவர் ஒருவர் வினவ, "பாகவதர் பாட்டு" என்றார் அவர். எந்தப் பாகவதர் என்று அவர் கூறவில்லை. கூறவேண்டுமென்று அவர்க்குத் தோன்றவுமில்லை. அவர் தலைமுறையார்க்குப் பாகவதர் ஒருவரே.

தம் தந்தை கால்வாய் வழியே சவுக்கு விறகு ஏற்றிச் சென்னைக்குப் படகு செலுத்தியவர் என்றும், சிறுவனாயிருந்த தம்மை ஒருமுறை உடனழைத்துச் சென்று, பிராட்வே கொட்டகையில் 'ஹரிதாஸ்' படம் காட்டினார் என்றும், அன்று கேட்ட பாட்டுக்களை இன்றளவும் தாம் மறக்கவில்லை என்றும் அவர் மகிழ்ந்து கூறினார். கேட்டுக்கொண்டிருந்த மாணவருள் மற்றொருவர், தம் கைப்பேசியில் அப்பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இவர் கொலை வழக்கில் சிறை சென்றவர் அல்லரோ?" என்றார். தீய எண்ணத்தோடு கேட்டாரல்லர், கண்டதைக் கேட்டார். முதியவரின் முகம் வாடியது. "ஜெயிலுக்குப் போனது உனக்குத் தெரிகிறது, தம்பி, குற்றமில்லை என்று விட்டுவிட்டார்களே, அது தெரியவில்லையா?" என்று கூறி, மீண்டும் வலையை எடுத்துக்கொண்டார். அதன்பின் அவர் பாடவில்லை.

அச்சொல் எம்மை விட்டு அகலவில்லை. ஒரு மனிதர் பெற்ற புகழ் அனைத்தும், எண்பதாண்டுகளுக்குள், ஒரு வழக்கின் பெயராகச் சுருங்கிவிட்டது. அவ்வழக்கிலும் அவர்மீது சாட்டிய குற்றம் நினைவில் நிற்க, அவர் பெற்ற விடுதலை மறைந்துவிட்டது. இது யாருடைய பிழை? இதனை ஆராயுமுன், அவர் வாழ்க்கையை ஒருவாறு கூறுதல் வேண்டும். மாணவர் பலர் அதனை அறியார்.

எம். கே. தியாகராஜ பாகவதர் 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடியேற, அந்நகரே அவர்க்குச் சொந்த ஊராயிற்று. படிப்பில் நாட்டம் செல்லாது பாட்டில் சென்றமையால், சிறுவயதில் வீட்டை விட்டு ஓடினார் என்றும், கடப்பையில் பாடிக்கொண்டிருந்தபோது கண்டு அழைத்து வந்தனர் என்றும் கூறுவர். இரயில்வே உத்தியோகஸ்தரும் நாடகக் கலைஞருமான எப். ஜி. நடேசய்யர், அச்சிறுவனின் குரலைக் கேட்டு வியந்து, அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். பின்னர் மதுரைப் பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார். மேடையில் அவர் பெயர் வளர வளர, 'பாகவதர்' என்னும் பட்டம் இளமையிலேயே அவரோடு ஒட்டிக்கொண்டது.

அக்காலத்து நாடகமேடையில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் பாட்டுச் செல்ல வேண்டும். ஆதலால் உயர்ந்த சுருதியில் பாடவல்லவனே நடிகனாக மதிக்கப்பட்டான். பேசத் தெரிந்தவன் அவனுக்கு அடுத்தவனே. பாகவதரின் குரல் உயர்ந்த சுருதியிலும் கூச்சலாகாது, இனிமை குறையாது, சொற்கள் சிதையாது நின்றது. கற்றோர் இராகத்தைக் கண்டு மகிழ, கல்லாதார் சொல்லைக் கேட்டு மகிழ்ந்தனர். இவ்விரு திறத்தாரையும் ஒரே பாட்டில் மகிழ்விப்பது எளிதன்று. சபைகளில் பாடிய வித்துவான்கள் பலர்க்கு முதல் திறத்தார் மட்டுமே வாய்த்தனர். கூத்துமேடையில் பாடியோர்க்கு இரண்டாம் திறத்தார் மட்டுமே வாய்த்தனர்.

இந்நிலையில்தான் பேசும்படம் தமிழ்நாட்டிற்கு வந்தது. நாடகமாக அவர் நடித்துவந்த 'பவளக்கொடி', கே. சுப்பிரமணியம் இயக்க, 1934-இல் படமாக வெளிவந்தது. அதில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுக்கள். இன்று அதனைக் கேட்பவர் நகைக்கக்கூடும். அன்று மக்கள் கொட்டகைக்குச் சென்றது கதை காண்பதற்கன்று, பாட்டுக் கேட்பதற்கே என்பதை உணர்ந்தால் நகையார். 1937-இல் 'சிந்தாமணி' வெளிவந்தது. மதுரை இராயல் டாக்கீஸார் அப்படத்தால் பெற்ற ஊதியத்தைக் கொண்டே அந்நகரில் ஒரு கொட்டகை எழுப்பி, அதற்கும் 'சிந்தாமணி' என்றே பெயரிட்டனர். அதே ஆண்டில், தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யும் வெற்றி பெற்றது. தொடர்ந்து 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி' என்பன வந்தன. பாபநாசம் சிவன் இயற்றிய சாகித்தியங்களும் ஜி. இராமநாதன் அமைத்த இசையும் அக்குரலுக்கென்றே பிறந்தனவோ என்று கேட்டோர் ஐயுற்றனர்.

படத்தைக் காண இயலாதவரும் பாட்டைக் கேட்டனர். நிமிடத்திற்கு எழுபத்தெட்டு முறை சுழலும் அரக்குத் தட்டுக்களில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமே பாட்டு அடங்கும். அம்மூன்று நிமிடம், திருமண வீட்டு ஒலிபெருக்கி வழியாகவும், திருவிழாக் கடைவீதி வழியாகவும், மின்சாரம் எட்டாத சிற்றூர்களுக்கும் சென்றது. திருக்கழுக்குன்றத்துச் சந்நிதித் தெருவில் கேட்ட பாட்டைச் செங்கற்பட்டுச் சந்தைக்குச் செல்பவன் வண்டியில் பாடிக்கொண்டு போவான். அவர் முடியை வளர்த்து வாரிய வகை 'பாகவதர் கிராப்பு' எனப் பெயர் பெற்று, ஊர்தோறும் இளைஞர் தலைகளில் குடியேறியது. இவ்வகைப் புகழை அதற்குமுன் தமிழ்நாட்டில் எந்தப் பாடகரும் கண்டதில்லை. அரசவையாலோ கோயிலாலோ அளிக்கப்படாமல், நாலணாச் சீட்டு வாங்கிய மக்களால் நேராக அளிக்கப்பட்ட புகழ் அது.

ஈண்டு ஓர் ஒப்புமை கூறுதல் பொருந்தும். 1944-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள், நியூயார்க்கு நகரின் பாரமவுண்டு அரங்கின் முன், பிராங்க் சினாத்ரா என்னும் இளம் பாடகரைக் காணப் பல்லாயிரம் இளைஞர் திரண்டு, காவலராலும் அடக்கவொண்ணாத குழப்பம் நிகழ்ந்தது. இன்று உலகமெங்கும் 'பாப்' பாடகர்களைச் சூழ்ந்து எழும் ஆரவாரத்திற்கு அந்நாளை முன்னோடியாகக் கூறுவர். அதே வாரத்தில், அக்டோபர் 16-ஆம் நாள், தீபாவளியன்று, 'ஹரிதாஸ்' வெளிவந்தது. பெருங்கடல்கள் பிரித்த இரு நகரங்களில், ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட் கூட்டங்கள், ஒரே வாரத்தில் ஒரே வகையான மயக்கத்தில் ஆழ்ந்தன. 'ஹரிதாஸ்' சென்னைப் பிராட்வே கொட்டகையில் 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது.

ஆனால் அதன் நாயகர் அவற்றுள் முதல் தீபாவளியை மட்டுமே வீட்டிலிருந்து கண்டார்.

அந்நாட்களில் சி. என். இலட்சுமிகாந்தன் என்பார், நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிய வம்புகளை அச்சிட்டு விற்கும் 'சினிமா தூது' என்னும் பத்திரிகையை நடத்தினார். பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், கோயமுத்தூர்ப் பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் விண்ணப்பம் செய்ய, அப்பத்திரிகையின் உரிமம் நீக்கப்பட்டது. அவரோ 'இந்து நேசன்' என்னும் வேறொரு பத்திரிகையின் வாயிலாக அத்தொழிலைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ஆம் நாள், வேப்பேரியில் ரிக்‌ஷாவில் செல்லுங்கால் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் உயிர் துறந்தார். அவர் எழுதியவை எத்தகையனவாயினும், அவ்விதம் மாளத் தக்கவர் ஒருவருமிலர் என்பதை நாம் முதலில் கூறிவிடுதல் நேர்மை.

அவ்வாண்டு டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் சதிக்குற்றம் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டனர். நாயுடுவும் குற்றஞ்சாட்டப்பெற்று, பின் விடுவிக்கப்பட்டார். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரர் முன்னிலையில் நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதத்தில் இருவர்க்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னையில் செய்த மேல்முறையீடு பயன்படவில்லை. இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில்வரை சென்றனர். வழக்கை மீண்டும் ஆராயுமாறு அம்மன்றம் பணிக்க, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது. இரண்டேகால் ஆண்டுக்கு மேலாகச் சிறையிருந்து அவர்கள் வெளிவந்தனர். இலட்சுமிகாந்தனைக் கொல்வித்தவர் யார் என்பது இன்றளவும் ஐயமற நிறுவப்படவில்லை.

இனி எமது கருத்துக்கு வருவோம். பாகவதரின் வீழ்ச்சியைப் பற்றி இருவகைக் கதைகள் வழங்குகின்றன. சிறையே அவரை வீழ்த்திற்று என்பது ஒன்று. செருக்கே அவரை வீழ்த்திற்று என்பது மற்றொன்று. இரண்டும் நம்மைக் குற்றத்தினின்றும் விடுவிக்கும் கதைகளாதலால்தான் நமக்கு இனிக்கின்றன என்று அஞ்சுகிறோம்.

சிறையே காரணமாயின், உடன் சிறையிருந்த கிருஷ்ணன் எங்ஙனம் மீண்டார்? ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே நாளில் விடுதலை. எனினும் 1949-இல் 'நல்லதம்பி'யும், 1951-இல் 'மணமகள்' என்னும் படமும் தந்து, 1957-இல் மறையும்வரை மக்களால் அவர் போற்றப்பட்டார். ஆகவே சிறை சென்றவரை மக்கள் வெறுத்தனர் என்பது பொருந்தாது. அன்றியும், பாகவதர் சிறையிலிருந்த காலத்தில்தான் 'ஹரிதாஸ்' ஈராண்டுக்கு மேல் ஓடியது என்பதை நினைவுகூர்க. அவர் குரலுக்கு நாம் சீட்டு வாங்கிக்கொண்டே இருந்தோம்.

செருக்கு என்பதோ, வீழ்ந்த ஒவ்வொருவர்க்கும் உலகம் இலவசமாக வழங்கும் பட்டம். பட்டுச் சட்டையும் வைரக் கடுக்கனும் அணிந்து அவர் நின்றபோது அது மக்களுக்கு அழகாகத் தோன்றியது. வறுமையுற்றபின் அதுவே செருக்காகத் தோன்றலாயிற்று. அணி ஒன்றே, பார்த்த கண்களே மாறின.

உண்மையான காரணத்தைப் படக்கலையின் வரலாற்றில் காணலாம். அவர் சிறையிலிருந்து மீண்ட காலத்தில், பாடுபவர் ஒருவர், நடிப்பவர் மற்றொருவர் என்னும் பின்னணி முறை வேரூன்றிவிட்டது. விடுதலைக்குப்பின் அவர் நடித்த முதற்படமான 'ராஜமுக்தி'யிலேயே, வி. என். ஜானகிக்காக எம். எல். வசந்தகுமாரி பின்னணி பாடினார். பாடத் தெரியாதவரும் நாயகராகலாம் என்ற பின்னர், உயர்ந்த சுருதியில் பாடவல்லவனே நாயகன் என்னும் பழைய விதி எவ்வாறு நிற்கும்? சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் அப்படத்திற்கு உரையாடல் எழுதப் புனே சென்று, ஆங்கே காசநோய் முற்றி, 1948-இல் மறைந்தார். அதே ஆண்டில் வெளிவந்த படமும் தோற்றது. 1952-இல் வந்த 'பராசக்தி'யோடு, மக்கள் பாட்டுக்காகவன்றி உரையாடலுக்காகவும் கொட்டகைக்குச் செல்லத் தொடங்கினர். கிருஷ்ணன் பேச்சில் வல்லவர், காலத்தோடு இயைந்தார். பாகவதர் பாட்டொன்றே கற்றவர். காலம் அவரை விட்டு அகன்றது.

சிறைக்கு முன் பத்தாண்டில் ஒன்பது படங்கள். சிறைக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து. அவ்வைந்தனுள் இறுதியான 'சிவகாமி' அவர் மறைந்தபின் 1960-இலேயே வெளிவந்தது. 1959 நவம்பர் முதல் நாள், சென்னைப் பொது மருத்துவமனையில், ஐம்பது ஆண்டு நிறையுமுன்னரே அவர் காலமானார்.

"ஆயின் இதில் மக்களின் குற்றம் யாது? சுவை மாறுவது இயற்கையன்றோ?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. சுவை மாறியதை யாம் குற்றமென்று கூறவில்லை. எவரும் எப்பாட்டையும் கடமைக்காகக் கேட்க வேண்டுவதில்லை. அமெரிக்காவில் சினாத்ராவும் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மக்களால் கைவிடப்பட்டார். பின்னர் 1953-இல் ஒரு படத்தில் நடித்து, அதற்காக ஆஸ்கார் பரிசும் பெற்று, மீண்டும் எழுந்தார். ஒருவர் எழுந்தார், ஒருவர் எழவில்லை. கலையுலகில் இஃது இயல்பே. யாம் குற்றமென்று கூறுவது வேறொன்று. இலட்சுமிகாந்தனின் பத்திரிகையை வாங்கிப் படித்தவர் யார்?

பாகவதர் படத்திற்குச் சீட்டு வாங்கிய அதே மக்களேயாவர். மாலையில் அவர் பாட்டில் உருகியவர், காலையில் அவரைப் பற்றிய வம்பை விலைகொடுத்து வாங்கினர். படிப்போர் இல்லையேல் அப்பத்திரிகை ஒரு திங்கள்கூட நின்றிராது. அது நில்லாதாயின், பகை முளைத்திராது. ஒரு மனிதர் மாண்டிருக்கவும் மாட்டார். குற்றமற்றவர் இருவர் சிறையில் வாடியிருக்கவும் மாட்டார். குத்திய கை யாருடையது என்று நீதிமன்றம் துணியவில்லை. ஆனால் அப்பத்திரிகைக்குக் காசு நீட்டிய கைகள் யாருடையவை என்பதில் ஐயமில்லை. வள்ளுவர் இல்லறவியலில் புகழ் என்னும் அதிகாரத்தை இறுதியில் வைத்து, அதற்கு நெடுமுன்னரே புறங்கூறாமையையும் பயனில சொல்லாமையையும் வைத்தார். நாவை அடக்கக் கல்லாதவன் பிறர்க்குப் புகழ் வழங்கவும் தகுதியற்றவன் என்று நாம் அதற்குப் பொருள் கொண்டால் தவறாகாது. விவிலியம் பயின்றார்க்கு இது புதிதன்று. ஓசன்னா பாடி வரவேற்ற எருசலேம் மக்கள், அவ்வாரம் முடியுமுன் என் கூவினர் என்பதை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். படித்தும், அக்கூட்டத்தில் நாம் நின்றிருக்கமாட்டோம் என்றே ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கிறோம்.

அன்று அப்பத்திரிகையை வாங்கச் சிறிது வெட்கமாவது வேண்டியிருந்தது; மடித்து மறைத்து வீட்டுக்குக் கொண்டுசெல்வர். இன்று வம்பு தானே நம் கைக்குள் வந்து விழுகின்றது. அதனைப் பிறர்க்கு அனுப்ப ஒரு விரலசைவு போதும். பாடகர் ஒருவர் எவரை மணந்தார், எதனால் பிரிந்தார், என்ன நோயுற்றார் என்பன அவர் பாடிய பாட்டைக் காட்டிலும் விரைவாகப் பரவுகின்றன. அச்செய்தி பொய்யென்று பின்னர்த் தெளிந்தாலோ, அத்தெளிவை அனுப்புவார் இலர். நெம்மேலியில் எம் மாணவர் கைப்பேசியில் சிறைவாசம் முதலில் தோன்றி விடுதலை தோன்றாது போனமைக்குக் காரணம் இதுவே. கருவி நம் விருப்பத்தை அறிந்து வரிசைப்படுத்தித் தருகின்றது. நாம் விரும்பிக் கேட்பது குற்றச்சாட்டையேயன்றித் தீர்ப்பையன்று.

நிற்க. "கல்லூரி மலரில் ஒரு சினிமாப் பாடகர்க்கு இத்துணை இடமா?" என்று வருந்தும் பெரியோர் நம்மிடையே இருத்தல் கூடும். அவர்கட்கு யாம் பணிவோடு கூறுவது: எழுத்தறிந்தார் சிலராயிருந்த ஒரு காலத்தில், திருநீலகண்டர் கதையையும் அம்பிகாபதி கதையையும் குயவனும் உழவனும் செம்படவனும் இராகத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளுமாறு செய்தவர் அவர். நாம் நூல் எழுதிச் செய்ய இயலாததை அவர் மூன்று நிமிடத் தட்டினால் செய்தார். அவர் குரலைப் பின்பற்றியே பாடத் தொடங்கிய மதுரை டி. எம். சௌந்தரராஜன், பின்னர் தமக்கென ஒரு வழி கண்டு, இரண்டு தலைமுறை நாயகர்களுக்குக் குரலானார். இன்று வானொலியில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டின் வழிமுறையைத் தேடிச் சென்றால், அத்தேட்டம் பாகவதரின் வாசலில் ஒருமுறையேனும் நின்றே தீரும். இதனை ஆராய்தல் இலக்கிய மாணவர்க்கும் வரலாற்று மாணவர்க்கும் இழுக்காகாது.

எனவே, பாடகர்க்கு நாம் பட்ட கடன் மூன்று என்போம். முதலாவது, பாட்டைப் பாட்டாகக் கேட்டல். வாழ்க்கையைக் கேட்பதற்கு முன் குரலைக் கேட்க வேண்டும். அதுவே அவர் நமக்குத் தந்தது, மற்றையது நாம் களவாகக் கொண்டது. இரண்டாவது, குற்றச்சாட்டைக் கூறுமிடத்துத் தீர்ப்பையும் உடன் கூறுதல். விடுதலை பெற்றவரை விடுதலை பெற்றவர் என்றே எழுதுதல் வேண்டும். 'வழக்கில் சிக்கியவர்' என்று எழுதி நிறுத்துதல் பாதி உண்மையாதலின், முழுப் பொய்யினும் கொடிது. மூன்றாவது, புகழ் நீங்கிய பின்னும் நன்றி நீங்காதிருத்தல். கொட்டகைக்குச் செல்ல நமக்குக் கடமையில்லை. ஆனால் நமக்கு இன்பம் தந்தவரை இகழாதிருக்கக் கடமையுண்டு. இம்மூன்றும் பாகவதர்க்கு மட்டுமன்றி, இன்று நம் மாணவர் செவிக்கருவியில் ஓயாது பாடிக்கொண்டிருக்கும் இளம் பாடகர், பாடகியர் அனைவர்க்கும் உரியன. அவருள் சிலர் நாளை வீழ்வர். அப்போது நாம் எக்கூட்டத்தில் நிற்போம் என்பதை இன்றே துணிதல் நலம்.

செயலின்றிச் சொல்லளவில் நிற்றல் நமக்கு அழகன்று. ஆதலால் நம் தமிழ்ப் பேரவையார்க்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். செங்கற்பட்டு முதல் கோவளம் வரையுள்ள சிற்றூர்களில், அரக்குத் தட்டுக்காலத்துப் பாட்டுக்களை நேரிற் கேட்டு வளர்ந்த முதியோர் இன்னும் சிலர் உளர். சில ஆண்டுகளில் இலராவர். தொண்டுக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அத்தகைய ஒருவரை அணுகி, அவர் எப்பாட்டை, எவ்விடத்தில், எவரோடு கேட்டார் என்பதை அவர் இசைவோடு பதிவு செய்து கொணர்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாலை, பேச்சின்றிப் பாட்டை மட்டும் கேட்கும் கூட்டம் ஒன்றையும் பேரவை நடத்தலாம். பழைய மாணவர் தம் வீட்டுப் பரண்களில் உறங்கும் தட்டுக்களை நூலகத்திற்கு அளித்து உதவலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

நெம்மேலியை விட்டுப் புறப்பட்ட நாளின் காலையில், அன்று வினாவிய மாணவர் தாமே சென்று அம்முதியவரைக் கண்டார். தம் கைப்பேசியில் அப்பாட்டைத் தேடி எடுத்து, "நீங்கள் பாடியது இதுதானா, தாத்தா?" என்று கேட்டு அவர் அருகே வைத்தார். பாட்டு முடியும்வரை இருவரும் பேசவில்லை. முடிந்தபின் முதியவர், "இன்னொரு தடவை போடு, தம்பி" என்றார். எம் வண்டி அரைமணி நேரம் பிந்தியே புறப்பட்டது. அதற்காக யாம் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை.